பிலோமினா அக்காவின் தாலியும் ஒரு ஜப்பானியத் தொகுதியும்

தன் கலியாணத்தை ஒரு ஜப்பானியத் தொகுதியின் தேர்தல் முடிவிடம் ஒப்படைத்திருந்த ஒரே தமிழர், எங்கள் ஜப்பான் அண்ணைதான். மொன்றியலில் மட்டுமல்ல, உலகத்திலேயே. மறுப்பவர்கள் என்னோடு வந்து கதைக்கலாம்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தார். ஊர் மன்னார். கனடா வருமுன் ஜப்பானில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. அங்கே காய்ச்சலில் சுருண்டு கிடந்தவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக் காப்பாற்றியவர், தொழிற்சாலையில் சமைத்த ஒரு அம்மா. பின்னாளில் அந்த அம்மா பாராளுமன்றத் தேர்தலில் நிற்கிறார் என்று கேள்விப்பட்டதும், அண்ணை உணர்ச்சிவசப்பட்டு மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டார். அம்மா தொகுதியை வெல்லும் வரைக்கும் தனக்குக் கலியாணம் இல்லை!

நேர்த்தி வைக்குமுன் எதிராளி யாரென்று பார்க்க வேண்டாமா, மனிதர்? அந்தத் தொகுதி ஒரு குடும்பத்தின் முதுசம். மெட்ரோவில் அகப்பட்டவர்களிடமெல்லாம் அதன் வரலாற்றை ஒப்புவிப்பார்.

"பாட்டன் துறைமுகம் கட்டி வெண்டவன். தேப்பன் பாலம் கட்டி வெண்டவன். பெடியன் ஒண்டுமே கட்டேல்லை. ஆனா தேப்பன்ரை மூக்கு. அந்த மூக்குக்கே வோட்டுப் போடுறாங்கள்!"

"நீங்களுந்தான் ஒண்டும் கட்டேல்லை. தாலியைச் சொல்லுறன்," என்பார் பக்கத்தில் நிற்கும் பிலோமினா அக்கா. குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்தவர். இருவரும் விரும்பியது கட்டடம் முழுக்கத் தெரியும்.

முதல் தேர்தலில் அம்மா தோற்றார். அடுத்ததிலும் தோற்றார். ஆனால் அந்த நாட்டில் தொகுதியில் தோற்றவரும் கட்சிப் பட்டியல் வழியாக உள்ளே போகலாம். அம்மா போய்விட்டார். பிலோமினா அக்கா உடனே மாதா கோயில் மண்டபத்தைப் பதிவு செய்தார். அண்ணை கையை விரித்தார்.

"அவ பாராளுமன்றத்திலை இருக்கிறாவெல்லோ!" என்றார் அக்கா.

"எங்கடை நாட்டிலையும் தோத்தவங்கள் தேசியப் பட்டியலாலை போறவங்கள்தானே. அதை வெற்றி எண்டு நீர் சொல்லுவீரோ?"

வழக்கு பங்குச் சுவாமியிடம் போனது. நானும் சாட்சிக்குப் போனேன்.

"மாதாவுக்கு என்ன சொல்லி நேர்ந்தனீர்?" என்று அண்ணையைக் கேட்டார் சுவாமி.

"தொகுதி எண்டுதான், சுவாமி."

சுவாமி தலையைச் சொறிந்தார். "அப்ப தொகுதிதான்."

மண்டபம் கைவிட்டுப் போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணையோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

அதற்கடுத்த தேர்தலில் அம்மாவுக்குப் பட்டியலும் கிடைக்கவில்லை. வேறொருத்தி என்றால், போடா நீயும் உன் ஜப்பானும் என்று போயிருப்பாள். அக்கா அழுது முடித்தார். பிறகு, அந்த அம்மா அந்நாட்டு வேட்பாளர்களின் வழக்கப்படி வெள்ளைக் கையுறையோடு கையசைக்கும் படத்தை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்து மெழுகுதிரி கொளுத்தத் தொடங்கினார்.

"மனுசி வெல்லட்டும். அவவும் பாவம், நானும் பாவம்."

அன்றிலிருந்து கட்டடமே அந்த அம்மாவின் கட்சி. கீழ்வீட்டு மட்டக்களப்பு டீச்சர் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தார்.

2009 கோடை முடிவில் மறுபடி தேர்தல். அங்கே ஞாயிறு இரவு வாக்கு எண்ணும்போது இங்கே ஞாயிறு காலைப் பூசை. அண்ணை செல்போனோடு கோயில் வாசலில் நின்றார். சுவாமி பிரசங்கத்தின் நடுவில் இருந்தபோது கதவு படாரென்று திறந்தது. இரண்டு கையையும் உயரத் தூக்கிக்கொண்டு அண்ணை ஓடி வந்தார்.

"பான்சாய்! பான்சாய்!" ஜப்பானியரின் வெற்றி முழக்கம் அது.

பிலோமினா அக்கா எழுந்தார். கோயில் முழுக்கக் கேட்கும்படி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தொகுதியோ, பட்டியலோ?"

"தொகுதி! தொகுதியப்பா!"

அந்தக் கைதட்டலை அந்தக் கோயில் ஈஸ்டருக்குக்கூடக் கேட்டதில்லை. சுவாமி பிரசங்கத்தை அப்படியே விட்டுவிட்டார். "மண்டபத்தை இந்த முறை நானே பதியிறன்," என்றார்.

கலியாணத்தன்று இருவரும் வெள்ளைக் கையுறை போட்டுக் கோயில் படியில் நின்று, வென்ற வேட்பாளர்கள் மாதிரி எங்களுக்குக் கையசைத்தார்கள். நானும் எத்தனையோ தேர்தல்களில் வாக்குப் போட்டிருக்கிறேன். சந்தோஷத்தில் அழுதது, எனக்கு வாக்கே இல்லாத அந்த ஒரு தேர்தலுக்குத்தான்.