வெண்ணெய் தின்ற டேப்

என் மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்குள்ள சுகத்தை விசாரிக்க வேண்டாம். விசாரித்தால் சொல்ல வேண்டியிருக்கும், சொன்னால் நீங்கள் என் பக்கம் பேச மாட்டீர்கள். ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். ஏனென்றால் உங்கள் தங்கை உங்கள் வீட்டில் இருக்கிறாள், அவளை நீங்கள் எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். இன்றோடு மூன்று நாள். உங்களிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை என்பதிலேயே தங்கள் கோபம் எத்தனை டிகிரி என்று தெரிகிறது. நானே போன் செய்திருப்பேன். அவள் எடுத்துத் தொலைத்தால் என்ன பேசுவது என்ற பயத்தில்தான் கடிதம். கடிதத்தில் என்ன வசதி என்றால், நடுவில் யாரும் "போதும், வையுங்க" என்று சொல்ல முடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது அத்தனையும் உங்களால் வந்தது. கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள். போன முறை நீங்கள் இங்கே வந்தபோது எப்படி வந்தீர்கள்? வயிறு இருந்த இடத்தில் வயிறு இல்லை. என் பெண்டாட்டி ஆசையாகப் போட்ட சோற்றைத் தட்டோடு நகர்த்தினீர்கள், ரொட்டியை ஏதோ செத்த எலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தீர்கள், பிறகு வெண்ணெய்க் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டு கரண்டியால் எடுத்து விழுங்கினீர்கள். நான் வாயைப் பிளந்தேன். "மாப்ளே, சோறு, ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, இது நாலையும் கண்ணால பாக்காதீங்க. முட்டை, சீஸ், வெண்ணெய், கறி, கீரை. மாவுச்சத்தைக் கொறைங்க, கொழுப்பைக் கூட்டுங்க. ஒடம்பு தன்னோட கொழுப்பையே எரிச்சுக்கும்" என்றீர்கள். அந்த நேரம் பார்த்து எனக்கும் மாடிப்படி ஏறினால் நாலாவது படியில் உட்காரத் தோன்றிக்கொண்டிருந்தது, டாக்டரும் எடையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார். சரி, மச்சானே சொல்லிவிட்டார் என்று மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு பருக்கைச் சோறோ ஒரு துண்டு ரொட்டியோ என் நாக்கில் பட்டதில்லை. இது சத்தியம்.

வெண்ணெய் மட்டும் என்னோடு எங்கும் வந்தது. காலையில் காப்பியில் வெண்ணெய், பத்து மணிக்கு ஒரு துண்டு சும்மா, மத்தியானம் முட்டை மேல் ஒரு கட்டி, சாயங்காலம் சீஸின் மேல் வெண்ணெய். தையல் மிஷின் பக்கத்தில் நூல்கண்டு வைக்கும் டப்பாவைக் காலி செய்து அதில் வெண்ணெயை வைத்துக்கொண்டேன். கையெல்லாம் வழவழப்பு. ஊசி நழுவும், பாபின் நழுவும், ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவருக்குத் தோள் அளவு எடுக்கப் பிடித்தேன், மனிதரே நழுவினார். கழுத்தில் எப்போதும் தொங்கும் டேப்பும் எண்ணெய் குடித்துவிட்டது. உங்கள் தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த டேப்பை வெச்சு வெள்ளைச் சட்டைக்காரங்களை அளக்காதீங்க, மஞ்சக் கறை பிடிக்குது. முதல்ல கழுவுங்க" என்றாள். மச்சான், கழுவச் சொன்னது அவள். இதை மறந்துவிட வேண்டாம். நானும் சொன்ன பேச்சைக் கேட்டு தினமும் கொதிக்கிற வெந்நீரில் சோப்புப் போட்டு டேப்பை ஊறவைத்து, சுருண்டு போகாமல் இருக்க ஆணியில் மாட்டி, கீழ்நுனியில் பழைய இஸ்திரிப் பெட்டியைக் கட்டித் தொங்கவிட்டேன். என்ன பளபளப்பு தெரியுமா!

மூன்று வாரம் ஆனதும் என் இடுப்பை அளந்தேன். ஆரம்பத்தில் நாற்பத்திரண்டு. இப்போது சரியாக நாற்பது! கடைக் கண்ணாடி முன் நின்று கத்தினேன். உங்கள் தங்கை பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு இஞ்சு கொறைஞ்சா பேண்ட் லூஸாகணுமே, பித்தான் இன்னும் மூச்சுத் திணறிக்கிட்டுத்தானே இருக்கு?" என்று கேட்டாள். "துணி சுருங்கியிருக்கும்" என்றேன். "அஞ்சு பேண்டுமா?" என்றாள். "அஞ்சும் ஒரே துணி" என்றேன். இப்படிப்பட்ட கேள்விகள் ஒரு மனிதனின் ஊக்கத்தை எப்படிக் கெடுக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எங்கள் கடை வழக்கம் உங்களுக்குத் தெரியும். நான் முன்கட்டில் நின்று டேப்பால் ஆளை அளந்து நோட்டில் எழுதுவேன். அவள் பின்கட்டில் மேசையோடு சேர்த்து அடித்த இரும்பு ஸ்கேலை வைத்துத் துணியில் கோடு போட்டு வெட்டுவாள். இருபத்தெட்டு வருஷமாக இதே ஏற்பாடு. அவள் ஆளைப் பார்க்க மாட்டாள், நான் கத்தரியைத் தொட மாட்டேன். அப்புறம் நான் தைப்பேன். ஒரு புகார் வந்தது கிடையாது. ஆனால் நான் இளைக்க ஆரம்பித்த அதே சமயத்தில் என்ன ஆயிற்றோ, தைத்துக் கொடுத்த உருப்படி ஒவ்வொன்றும் திரும்பி வர ஆரம்பித்தது. பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்க முடியாமல் கரும்பலகையில் இடுப்பு உயரத்திலேயே பாடம் எழுதினாராம். பேங்க் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்ததும் பின்னால் கேட்ட சத்தத்தைப் பற்றி அவர் விவரிக்க விரும்பவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். ஏனென்றால் காரணம் எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. "சார், சட்டை சின்னதாகலை. நீங்க பெருத்திருக்கீங்க. சோறு சாப்பிடறீங்களா? அதான். விட்டுடுங்க" என்று ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் விளக்கினேன். எதிரே முடிவெட்டும் கடை வைத்திருப்பவர் ஒருவர்தான் நான் சொன்னதை எழுத்து மாறாமல் கடைப்பிடித்தார். சோற்றையும் ரொட்டியையும் நிஜமாகவே விட்டார், காலையில் ஆற்றோரம் நடந்தார். ஒரே மாதத்தில் நான் தைத்த இறுக்கமான பேண்ட் அவருக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அவரைத்தான் சாட்சியாகக் காட்டினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பேண்டு வாத்தியக் குழு ஒன்று ஒன்பது பேருக்குச் சிவப்புக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தது. சனிக்கிழமை பூங்காவில் அவர்கள் நிகழ்ச்சி. திங்கட்கிழமை காலை ஒன்பது பேரும் வாத்தியங்களோடு கடைக்கு வந்து போட்டுப் பார்த்தார்கள். பித்தான் போடவே ஒருவருக்கு இரண்டு பேர் உதவ வேண்டியிருந்தது. குழுவின் மாஸ்டர் முகம் சுளித்து, "ஊதிப் பாத்தாத்தான் தெரியும்" என்று கையைத் தூக்கினார். அந்தப் பெரிய குழல் ஊதுபவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். மச்சான், ஒரு ஸ்வரம் வரவில்லை. பித்தான்கள்தான் வந்தன. ஒன்று கண்ணாடியில், ஒன்று மாஸ்டரின் டீயில், ஒன்று மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியில் பட்டு எங்கே போயிற்றென்று இன்றுவரை தெரியாது. டமாரம் அடிப்பவர் அடித்தவுடன் இரண்டு அக்குளும் கிழிந்தன. ஒன்பது பேரும் ஒரே மாதத்தில் ஒரே அளவு பெருத்திருக்க முடியாது என்பது எனக்கே உறைத்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்த நேரம் நான் வெண்ணெய் வேறு சாப்பிட்டிருக்கவில்லை, தலை சுற்றியது. வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அளவு என் அளவு, அது தப்பாது. வெட்டினது என் வீட்டுக்காரி. அவ கைதான் தப்பு."

பின்கட்டில் கத்தரிச் சத்தம் நின்றது. அவள் வெளியே வந்தாள். ஒன்பது பேரையும் பார்த்தாள், கிழிந்த அக்குள்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், சமாதானமாகியிருக்கும். "இருபத்தெட்டு வருஷமா வெட்டற கை இது. தப்புன்னா இனிமே நீங்களே வெட்டிக்கோங்க" என்றாள். கத்தரியை மேசைமேல் வைத்தாள், ஒரு பையில் நாலு புடவையைத் திணித்தாள், "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். வேறெங்கே போவாள், உங்கள் வீட்டுக்குத்தானே? மாஸ்டர் போகும்போது, "புதன்கிழமை நாலு மணிக்கு வர்றோம். கோட்டு தயாரா இல்லைன்னா பனியனோடதான் மேடை ஏறணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் தச்சு வேலை செய்பவர் ஒருவர் தம் பேண்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். வழக்கம்போல் அவருக்கும் மாவுச்சத்தைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் தன் பையிலிருந்து இரும்பு டேப்பை இழுத்துத் தன் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். முப்பத்தெட்டு. என் டேப்பை வைத்தேன். முப்பத்தாறு. "உங்க டேப் கட்டைக்கு, என் டேப் மனுஷனுக்கு" என்றேன். "அண்ணே, மனுஷனுக்குன்னு தனி இஞ்சு எங்கேயும் விக்கறாங்களா?" என்று கேட்டுவிட்டு இரண்டு டேப்பையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தார். என்னுடையது நாற்பது என்று காட்டுகிற இடத்தில் அவருடையது நாற்பத்திரண்டு காட்டியது. வெந்நீரும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து என் டேப்பை இழுத்து நீட்டியிருக்கின்றன. நீண்ட டேப்பால் நான் எல்லோரையும் குறைத்து எழுதியிருக்கிறேன். அவள் நான் எழுதியதை இரும்பு ஸ்கேலில் அச்சுப் பிசகாமல் வெட்டியிருக்கிறாள். அவள் கை தப்பவில்லை மச்சான். தச்சர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அவர் விட்டுப்போன இரும்பு டேப்பால் என் இடுப்பை அளந்தேன். நாற்பத்திரண்டரை. இளைக்கவில்லை என்பதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அந்த அரை எங்கிருந்து வந்தது?

ஆகவே என் வேண்டுகோள். அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். "உன் புருஷன் தவறு செய்தான்" என்று சொல்ல வேண்டாம், "டேப் தவறு செய்தது" என்று ஆரம்பியுங்கள். அவள் முகம் இளகினால் மெதுவாக என் பேச்சை எடுங்கள். இளகவில்லையென்றால், சரி, நான்தான் தவறு செய்தேன் என்றே சொல்லிவிடுங்கள். மூன்று நாளாக அந்தக் கத்தரி வைத்த இடத்திலேயே இருக்கிறது. பின்கட்டுப் பக்கம் போகவே மனம் வரவில்லை. ஒரு பக்கம் கோட்டு, ஒரு பக்கம் வீடு, இரண்டும் அவளில்லாமல் ஓடாது. அவள் வந்துவிட்டால் போதும், நீங்கள் சொன்ன வெண்ணெயையும் உங்களுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி, நன்றாகச் சாப்பிடச் சொல்லவும். தாங்கள் நீண்ட ஆயுளோடும், இதே இடுப்போடும் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலைவிடத் தங்கள் தங்கையை எதிர்பார்க்கும்,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, இதை எழுதறது நான்தான். கடிதம் ஒட்டாம மேசைமேல கிடந்துச்சு, படிச்சுட்டேன். நீயும் அண்ணியும் பயந்துடாதீங்க, நான் காணாம போகலை. உங்க வீட்டுக்கு வர்றேன்னு நான் யார்கிட்டயும் சொல்லவும் இல்லை. எதிர்த்த மாடியில பித்தான் கடை அக்கா வீட்டுல மூணு நாளா ஜன்னலோரமா உக்காந்திருந்தேன். அங்கேயிருந்து கடையும் தெரியும், நடுக்கதவு திறந்திருந்தா பின்கட்டு மேசையும் தெரியும், தெருமுனை பேக்கரியும் தெரியும். தினம் பதினோரு மணிக்கு ரெண்டு பன், நாலரைக்கு ஒரு பன், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு சாப்பிடறார். வெண்ணெய் தடவித்தான். அந்த அரை இஞ்சு அங்கேயிருந்துதான் வந்துச்சு. நீ சொன்ன முறை மேல தப்பில்லைண்ணா, முடிவெட்டறவர் நிஜமாவே இளைச்சுட்டார். இவர் பாதியை மட்டும்தான் கேட்டிருக்கார்.

இன்னும் ரெண்டு நாள் இருந்திருப்பேன். இன்னிக்குக் காலையில இவர் பின்கட்டுக்குப் போய், கண்ணைத் துடைச்சுக்கிட்டு, என் கத்தரியைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு நல்ல சிவப்புத் துணி பக்கம் குனிஞ்சார். எப்படி மாடியிறங்கி வந்தேன்னே தெரியலை. நான் எப்பவும் தையலுக்கு உள்ள துணி விட்டுத்தான் வெட்டுவேன், ஒன்பது கோட்டையும் பிரிச்சுப் பெரிசாக்கிடலாம், மூணு ஏற்கெனவே முடிஞ்சாச்சு.

உங்கிட்ட எழுதின மன்னிப்பு எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். பழி சொன்னது ஒன்பது பேர் முன்னால, அதனால மன்னிப்பும் அந்த ஒன்பது பேர் முன்னாலதான். நாலு மணிக்கு வர்றாங்க. இவர் இப்ப கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்துக்கிட்டிருக்கார். முதல் தடவை சத்தமே வரலை. டமாரம் அடிக்கறவருக்குக் காது கொஞ்சம் மந்தம், இன்னும் உரக்கச் சொல்லுங்கன்னு சொல்லியிருக்கேன்.