எறும்பு கடித்த காது

நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் முட்டாள்தனத்துக்கு ஒரு தனிக் கம்பீரம் உண்டு. சும்மா செய்கிற முட்டாள்தனத்தை யாராவது குறுக்கே வந்து தடுத்துவிடுவார்கள். நோக்கம் சொல்லிச் செய்வதைத் தடுக்க எவருக்கும் துணிவு வராது, செய்பவனுக்கே வராது. இதற்குச் சான்று என் வலது காது. அதன் மேல் விளிம்பு நனைந்து காய்ந்த அப்பளம் போலச் சுருங்கியிருக்கும். மூக்குக் கண்ணாடி அந்தப் பக்கம் மட்டும் இறங்கியே நிற்கும். கொரோனாக் காலத்தில் முகக்கவசத்தின் நாடா அதில் தங்க மறுத்து நழுவிக்கொண்டே இருந்தது. (ஊருக்கெல்லாம் மாஸ்க் போடச் சொல்லி மைக்குல பேசினவன் மூஞ்சிதான் பாதி தெரிஞ்சிக்கினு இருந்தது.)

காது இப்படி ஆனது கொரோனாவுக்குச் சில ஆண்டுகள் முன்பு, எனக்கு இருபது வயதில். புதுச்சேரியில் சமூகப்பணி படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் கை கழுவும் முறையை விளக்கும் பொறுப்பு எப்போதும் என்னுடையது. விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று எதையும் விட்டுவைக்க மாட்டேன். பொம்மையார்பாளையத்தில் ஒருமுறை நான் விளக்கி முடிக்கும்வரை பொறுமையாக இருந்த ஓர் அம்மா, “தம்பி, கைய நல்லா கழுவிட்டோம். சோறு எப்பப் போடுவ?” என்று கேட்டார். சுகாதாரம் பற்றிய விழிப்புணர்வு மக்களிடம் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்று அன்று குறிப்பெடுத்துக்கொண்டவன் நான். பின்னால் நடந்ததைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் ஊர் பிரம்மதேசம். அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் நிலம் உண்டு. மரக்காணம் உப்பளத்தில் சில பாத்திகளைக் குத்தகைக்கும் எடுத்திருந்தார். எனக்கு ஒரே அக்கா. பெருமுக்கல்லில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் மகள் கயலுக்குப் பிறந்த ஓராண்டுக்குள் காது குத்தியிருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு சாவு, ஏதாவது ஒரு தடை. தள்ளித் தள்ளிப் போய்க் குழந்தைக்கு ஐந்து வயதாகிவிட்டது. கைக்குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. ஐந்து வயதுப் பெண்ணிடம் கேட்டாக வேண்டும். கயல் முடியாது என்று சொல்லிவிட்டாள்.

என்னை அனுப்பினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவார்கள்? மடிக்குரியவனே பேசட்டும் என்று.

“வலிக்குமா மாமா?”

“எறும்பு கடிக்கிற மாதிரிதான்டி செல்லம்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு போய்த் தன் அம்மாவிடம் சரி என்றாள். அக்கா என்னைத் தனியே அழைத்து, “உன் பேச்ச நம்பித்தான்டா ஒத்துக்கினு இருக்கா. பத்திரிகை குடுத்தாச்சு. கவுத்துடாத” என்றாள்.

பேருந்தில் திரும்பும்போதுதான் என் மனசாட்சி விழித்துக்கொண்டது. எனக்குக் காது குத்தியதே இல்லை. அறியாத வலியைப் பற்றி ஒரு குழந்தைக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். இது தகவலறிந்த சம்மதம் ஆகுமா? (ஆமாங்க, அஞ்சு வயசுப் புள்ள விஷயத்துல இந்த வார்த்தையெல்லாம் யோசிச்சேன்.) முதலில் நானே குத்திக்கொண்டு, அனுபவத்தின் அடிப்படையில் உறுதி கூறுவதுதான் நேர்மை என்று முடிவுசெய்தேன்.

கல்லூரியில் மூத்த மாணவர்கள் சிலர் காதின் மேல்பகுதியில் சின்ன வெள்ளி வளையம் போட்டிருந்தார்கள் என்பதையும், அது அவர்களுக்கு எவ்வளவு பொருத்தமாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. குத்திக்கொள்ள வேண்டும் என்று அறம் சொன்னது. எங்கே என்பதை அந்த வளையம் சொன்னது.

இர்பானிடம் போனேன். பள்ளி நாளிலிருந்து நண்பன். மரக்காணம் கடைத்தெருவில் அவன் அத்தா அத்தர், தொப்பி, வளையல், செல்போன் உறை எல்லாம் விற்கும் கடை வைத்திருந்தார். இர்பான் துபாயில் இருக்கும் தன் மாமுவின் கடையில் வேலைக்குச் சேர விசாவுக்குக் காத்திருந்தான். காத்திருக்கும் வேளையில் செல்போனில் காணொளி பார்த்தே மூன்று நான்கு தொழில்களைக் கற்றிருந்தான்.

“காது குத்துறதாடா? ஜுஜுபி! அத்தா தொழுவப் போவட்டும், வா” என்றான்.

அத்தா லுஹர் தொழுகைக்குக் கிளம்பியதும் கடையின் பின்பக்க அறை அறுவைச் சிகிச்சை அரங்கமானது. அட்டையிலிருந்து புது ஊக்கு ஒன்றை உருவினான். காது மரத்துப்போக ஐஸ் வேண்டும். தெருமுனையில் மீன் விற்பவரின் பெட்டியிலிருந்து ஒரு கட்டி வாங்கிவந்தான். அதன் நடுவே விறைப்பாக ஓர் இறால் மீசை நீட்டிக்கொண்டிருந்தது.

“டேய், நாத்தம் அடிக்குதுடா.”

“நாத்தம் மூக்குக்குத்தானே, காதுக்கு இன்னா? அதுவுமில்லாம இப்பப் பாரு” என்றபடி அலமாரியிலிருந்து விலையுயர்ந்த அத்தர் புட்டி ஒன்றை எடுத்து ஊக்கின் மேல் தாராளமாகத் தடவினான். “எல்லாம் ஸ்பிரிட்டுதான். கிருமி செத்துடும். வாசனையும் வரும். ஆஸ்பத்திரியில இந்த வசதி உண்டா?”

இல்லை என்று ஒப்புக்கொண்டேன். இருந்தாலும் கடைசி நொடியில் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். “பயந்தாங்கொள்ளி, டெமோ காட்றேன் பாரு” என்று இர்பான் ஊக்கைத் தன் காது மடலில் வைத்து அழுத்தினான். ஒரு பொட்டு ரத்தம் வந்ததும் “யா அல்லாஹ்!” என்று எடுத்துவிட்டான். “எனக்குப் பழக்கம் இல்ல. நீ படிச்சவன், தாங்குவ” என்று சொல்லிவிட்டு, அதே ஊக்கை என் காதுக்குக் கொண்டுவந்தான். நானும் காதைக் காட்டினேன். நகக்கண் அழுக்கில் எத்தனை கிருமி இருக்கும் என்று ஊர் ஊராகச் சொன்ன அதே நான்.

காதின் மேல்பகுதி அவ்வளவு எளிதில் துளைபடாது என்பது எங்கள் இருவருக்கும் புதிய செய்தி. பின்னால் பாதி உருளைக்கிழங்கை முட்டுக்கொடுத்து, வளையல் பெட்டியால் ஊக்கின் தலையில் தட்டினான். நான் போட்ட சத்தத்தில் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் திரும்பிப் போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது. கடையிலிருந்தே எடுத்த வெள்ளி வளையம் ஏறியது. கண்ணாடியில் பார்த்தேன். உண்மையைச் சொல்வதானால், அந்த ஒரு மாலை நான் மிக அழகாக இருந்தேன். வலியைப் பற்றிக் கயலிடம் சொல்ல வேண்டும் என்பது நினைவுக்கே வரவில்லை. ரோஜா அத்தரும் இறாலும் கலந்து மணக்க, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருவரும் ஒரே பைக்கில் காற்று வாங்கப் போனோம். இன்றும் அந்தக் கலவை மணம் எங்காவது வந்தால் மனம் சற்று நேரம் இருபது வயதில் நின்றுவிடுகிறது.

மறுநாள் காது சிவந்தது. அதற்கும் மறுநாள் சூடேறித் துடித்தது. மருத்துவரிடம் போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடும். இந்த இடத்தில்தான் உப்பளத்தில் வளர்ந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தவற்றைச் செய்தேன். உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்று கேள்விப்பட்டிருந்தேன். தம்ளர் நீரில் ஒரு சிட்டிகை உப்புக்கே அவ்வளவு குணம் என்றால், எங்கள் பாத்தியில் உப்பாக உறைவதற்குச் சற்று முன் கெட்டியாய், லேசாய்ச் சிவந்து நிற்கும் நீருக்கு எவ்வளவு குணம் இருக்கும்? காலையும் மாலையும் வரப்பில் குப்புறப் படுத்து, காதைப் பாத்தியில் முக்கினேன். உயிர் போய் உயிர் வந்தது. எரிச்சல் என்பது குணமாவதன் அறிகுறி என்று எனக்கு நானே விழிப்புணர்வு ஏற்படுத்திக்கொண்டேன். உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். “ஏம்பா, தம்பி தண்ணிக்குள்ள இன்னா கேக்குது?” என்று ஒருவர் அப்பாவிடம் விசாரித்திருக்கிறார். “படிக்கிற புள்ள, எதுனா ஆராய்ச்சி பண்ணும்” என்று அப்பா பெருமையோடு சொன்னாராம்.

விழா நாள் வந்தபோது என் வலது காது, காது என்ற வரையறையைத் தாண்டியிருந்தது. நல்ல பெரிய போண்டா ஒன்றைத் தலையின் பக்கவாட்டில் ஒட்டவைத்தது போலிருந்தது. வளையம் வீக்கத்துக்குள் புதைந்து காணாமல் போயிருந்தது. காய்ச்சலும் இருந்தது. தாய்மாமனுக்குத் தலைப்பாகை கட்டும் வழக்கம் என்னைக் காப்பாற்றும் என்று நம்பினேன். நானே முந்திக்கொண்டு துண்டைக் காதை மூடிக் கட்டிக்கொண்டேன். பெருமுக்கல் மலைக்கோயிலுக்குச் சீர்த்தட்டோடு ஏறும்போது, ஒவ்வொரு படிக்கும் காது தனியாக ஒருமுறை துடித்தது.

கயலுக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். பட்டுப்பாவாடையோடு வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். பத்தர் தங்கக் கம்பியைத் தட்டில் எடுத்து வைத்தார். அதைப் பார்த்ததும் அவள் உடம்பு விறைத்தது. திரும்பி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “எறும்புதானே மாமா?” என்று என் காதோரம் கேட்டாள்.

கேட்டவள் கைபட்டுத் துண்டு அவிழ்ந்தது.

என் காதுக்கும் அவள் கண்ணுக்கும் இடையே நான்கு விரற்கடை தூரம்தான். பார்த்தாள். மலையடிவாரம் வரை கேட்கும்படி வீறிட்டாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு, மிகத் தெளிவாக ஒரு கேள்வி கேட்டாள்.

“எந்த எறும்பு?”

மடியிலிருந்து இறங்கி ஓடி, தன் அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். உறவினர்கள் என்னைச் சூழ்ந்தார்கள். “தேனீ கொட்டிச்சா?” “அம்மையா?” “டேய், உள்ள எதுவோ மின்னுது பாரு!” அக்காவின் கணவர் அருகில் வந்து மோந்து பார்த்தார். “இன்னா மச்சான் இது, அத்தர் வாசனை வருது?” என்றார். பத்தர் கம்பியைப் பிடித்தபடி, “மொதல்ல யாருக்குங்க பாக்கணும்?” என்று கேட்டார்.

பொம்மை தருவதாகச் சொன்னார்கள், செல்போன் தருவதாகச் சொன்னார்கள். கயல் அசையவில்லை. “மாமா பொய் சொல்லிட்டான்” என்று ஒரே வாக்கியத்தை எல்லோரிடமும் திருப்பித் திருப்பிச் சொன்னாள். காய்ச்சலையும் காது வலியையும்விட அந்த வாக்கியம்தான் என்னைத் தலைகுனிய வைத்தது. அக்கா என்னைத் திட்டவில்லை. “மொட்டை அடிச்சதுக்காவது எல்லாரும் சாப்ட்டுப் போங்க” என்று பந்தியைத் தொடங்கிவைத்தாள். சாம்பார் அண்டா வந்த அதே வேனில், காலி அண்டாக்களுக்கு நடுவே என்னைத் திண்டிவனம் மருத்துவமனைக்கு ஏற்றி அனுப்பினார்கள்.

அங்கிருந்த மருத்துவர் அம்மா சிரிக்கவே இல்லை. “கீழ் மடல்ல குத்தியிருந்தாக்கூட இவ்வளோ ஆயிருக்காது. மேல இருக்குறது குருத்தெலும்பு. ரத்த ஓட்டம் கம்மி. சீழ் புடிச்சா காது கரைஞ்சிடும்பா” என்றார். கீறிச் சீழெடுத்தார். கரைந்தது போக மிஞ்சியதுதான் இன்று உங்கள் பார்வைக்கு இருப்பது. கட்டுப் போட்டுக்கொண்டே, “ஊசி வேற யாருக்காவது குத்துனதா?” என்று கேட்டார்.

டெமோவைச் சொன்னேன். அவர் கை நின்றது. மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கும் எச்.ஐ.வி.க்கும் இருவருமே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், இப்போது இல்லை என்று வந்தாலும் சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார். இர்பானின் துபாய் விசாவுக்கும் இதே ரத்தப் பரிசோதனைதான் வாசல். அவன் ரத்தம் பட்ட ஊக்குதான் எனக்குக் குத்தியது. எனக்கு ஒட்டுவதற்குத்தான் வழி உண்டு. அது புரியாமல் அவன், தன்னால் எனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று மட்டுமல்ல, என்னால் தன் விசா போய்விடுமோ என்றும் சேர்த்துப் பயந்தான். ஆய்வுக்கூட வாசலில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மாலையில் எங்களிடம் ஒரு நகைச்சுவையும் இல்லை. முடிவு இரண்டு முறையும் நல்லபடியாக வந்தது. எங்கள் திறமையால் அல்ல.

இர்பானின் அத்தா விஷயத்தைக் கேட்டுக் கடையே அதிரக் கத்தினார். “பேவகூஃப்! முட்டாப் பயலே! அத்தர்ல ஸ்பிரிட்டே கெடையாதுன்னு சொல்லித்தானடா இத்தினி வருஷமா நான் அதை வித்துக்கினு இருக்கேன்!” இர்பான் இப்போது துபாயில் அத்தர்தான் விற்கிறான். காணொளியில் அழைத்தால் முதலில் என் காதைத்தான் காட்டச் சொல்வான்.

கயலின் காது அதன்பின் பல ஆண்டுகள் குத்தப்படவே இல்லை. எங்கள் குடும்பத்தில் யாராவது “ரொம்ப ஈஸிதான்” என்று தொடங்கினால் போதும், எங்கிருந்தாவது ஒரு குரல் “எந்த எறும்பு?” என்று கேட்கும். நிலத் தரகரிடம் கேட்டிருக்கிறார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளை மிகவும் பொறுமைசாலி என்று அப்பா என்னைப் பற்றிச் சொன்னபோதும் அக்கா கேட்டாள்.

சென்ற ஆண்டு, ஒன்பதாம் வகுப்புக்குப் போன கயல், காது குத்திக்கொள்ளப் போவதாகத் தானே அறிவித்தாள். மருத்துவமனையில்தான், கீழ் மடலில்தான், உறை பிரிக்காத ஊசிதான் என்று நிபந்தனைகள் அவளே போட்டாள். கூடவே இன்னொன்று: மாமா வர வேண்டும்.

மடியில் உட்காரும் வயதில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். செவிலியர் கையுறை போட்டு, எங்கள் கண்ணெதிரே உறையைப் பிரித்தார். “பயப்படாத பாப்பா, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்” என்றார்.

கயல் மெல்லத் திரும்பி என் வலது காதைப் பார்த்தாள். செவிலியரும் பார்த்தார். ஊசியைக் கொஞ்சம் கீழே இறக்கினார்.

“நீ சொல்லு மாமா. வலிக்குமா?”

“வலிக்கும்” என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். “குத்துங்கக்கா” என்றாள்.