மேடைக்குக் கீழே ஓர் உச்சந்தலை

"மனுதாரர் கேட்டுள்ள இடைக்காலத் தடையானது..." என்று சொல்லிக்கொண்டே வந்த நீதிபதி பாதியில் நிறுத்திவிட்டார்.

ஸ்டெனோ அம்மாவின் பென்சிலும் நின்றது. நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. நீதிபதியின் மேடை உயரம். அவளுடைய மேஜை அதற்கு நேர் கீழே. மேலிருந்து குனிந்தால் முதலில் தெரிவது அவளுடைய உச்சந்தலைதான். அங்கே பத்து நாளாக ஒரு நாணயம் அளவுக்கு முடி இல்லை.

வீட்டுக்குப் போனதும் கணவரிடம் தலையைக் காட்டினாள்.

"புழுவெட்டு மாதிரி இருக்கு," என்றார். "கிட்ட வந்து பார்த்தாத்தான் தெரியுது."

"அவர் மேல இருந்து பார்க்கிறாருங்க. இன்னைக்கு மட்டும் நாலு தடவை பேச்சை நிறுத்திட்டார்."

கணவர் வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவர். "சுவர்ல இதைவிடப் பெரிய ஓட்டையெல்லாம் மறைச்சிருக்கேன்," என்று மறுநாள் காலையில் புருவப் பென்சிலால் அந்த இடத்தை நிரப்பி அனுப்பினார்.

பதினோரு மணிக்கு மின்விசிறி நின்றது. வியர்வையோடு ஒரு கறுப்புச் சொட்டு நெற்றியில் இறங்கிக் குறிப்பேட்டில் விழுந்தது. அன்று நீதிபதி ஆறு தடவை நிறுத்தினார்.

அடுத்த நாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். குனிந்தால்தானே உச்சி தெரியும்? முகத்தை அண்ணாந்து, நீதிபதியின் கண்களையே பார்த்தபடி எழுதினாள். பதினெட்டு வருடம் பழகிய கை, எழுதிவிடும் என்று நம்பினாள். சுருக்கெழுத்தில் வரிமேல் வரி ஏறி, வீட்டைக் காலி செய்யக் கோரிய ஒரு மனு 'நிராகரிக்கப்படுகிறது' என்பது 'அங்கீகரிக்கப்படுகிறது' என்று தட்டச்சாகிவிட்டது. கையெழுத்துக்குப் போகும் முன் குமாஸ்தா பிடித்ததால் ஒரு குடும்பம் வீட்டை இழக்காமல் தப்பியது.

இனித் தாங்காது என்று தோல் மருத்துவரிடம் ஓடினாள்.

"உங்க உடம்போட காவல்படையே முடியை எதிரின்னு நினைச்சு அடிக்குது," என்றார் டாக்டரம்மா. "உங்க ரத்தத்தையே எடுத்து மெஷின்ல சுழல வெச்சு, பிளேட்லெட் நிறைஞ்ச பாகத்தை மட்டும் பிரிச்சு அந்த இடத்துல ஊசி போடலாம். சிலருக்கு நல்லா வளருது, சிலருக்கு வளர்றதில்ல. ஆனா நீங்க கவலை மட்டும் படக் கூடாது."

"கவலைப்பட்டா?"

"இன்னும் கொட்டலாம்."

அதைக் கேட்டதிலிருந்து, எங்கே கவலைப்பட்டுவிடுவோமோ என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

ஊசி போட்ட இடத்தில் வரிசையாகச் செம்புள்ளிகள். பென்சில் வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"ரெண்டு நாள் காயட்டும், கை வைக்காதே," என்றார் கணவர், தொழில் நினைப்பில்.

முன்பு ஒரு சொட்டை. இப்போது புள்ளிக்கோலம் போட்ட சொட்டை. வேறு வழியில்லாமல் மறுபடியும் அண்ணாந்தாள். இம்முறை கண்ணிமைக்கக்கூட இல்லை. நீதிபதி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். தண்ணீர் குடித்தார். பன்னிரண்டு வழக்குகளை வரிசையாக ஒத்திவைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

பத்து நிமிடத்தில் நீதிபதியின் டவாலி வந்தார். "அய்யா உங்களை ரூமுக்குக் கூப்பிடுறார். தனியா."

அவள் எழுந்து அவர் பின்னால் நடந்தாள். பதினெட்டு வருட வேலை, போயும் போயும் ஒரு நாணய அளவு இடத்துக்காகப் போகப்போகிறது. அறை வாசலில் நின்று டவாலியின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னை மாத்திட்டாங்களா? நேராச் சொல்லிடுங்கண்ணே."

டவாலி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மாத்துறதா? நீங்க வேறம்மா. அய்யாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை, மூணு மாசமா ஃபைல்ல ஒரு எழுத்தும் சரியாத் தெரியல, அதான் பாதிப் பாதியில நிறுத்திடுறாரு. அவர் கண்ணையே உத்து உத்துப் பார்த்து நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கன்னு நடுங்கிப்போய், நாளைக்கே ஆபரேஷனுக்கு லீவு போட்டுட்டு, வெளியே சொல்லிடாதீங்கன்னு கெஞ்சத்தான் உங்களைக் கூப்பிடுறாரு."