கதிரானந்தரின் கட்டைவிரல்

குற்றாலத்தில் சீசன் வந்தால் அருவியில் கூட்டம் அள்ளும். இந்த ஆண்டு அருவியைத் தோற்கடித்தது ஐந்தருவிச் சாலையில் கதிரானந்த சுவாமிகள் போட்டிருந்த கொட்டகை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து நின்றார்கள். ராயகிரியிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். எல்லார் உடம்பிலும் ‘அணு விஷம்’ ஏறியிருக்கிறதாம். செல்போன் கோபுரமும் ஆஸ்பத்திரி மிஷினும் ஏற்றியதாம். சுவாமி அதைத் தனியாகப் பிரித்து எடுத்துவிடுவாராம். தலைக்கு ஐநூறு ரூபாய். விஷத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

சுவாமி பழைய மாடல் சாமியார் அல்லர். கதிர்வீச்சை அளக்கும் கைப்பெட்டி வைத்திருந்தார். அதை ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் காவி கட்டியவர் கையில் இருந்தால் அதற்குத் தனி மவுசு.

நடைமுறை இதுதான். வெறும் நெற்றியோடு சந்நிதியில் நிற்கக் கூடாது. அதனால் முதலில் சுவாமியே தம் கட்டைவிரலால் நெற்றி நிறையத் திருநீறு பூசுவார். பிறகு பெட்டியைக் காட்டுவார். அது டிக்டிக்டிக் என்று பொரியும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அடுத்து, அறுத்த எலுமிச்சம்பழத்தால் நெற்றியை அழுந்தத் துடைப்பார். இப்போது நெற்றி அடங்கிவிடும், பழம் பொரியும். பழம் மூலையில் இருக்கும் கூடைக்குப் போகும். கழிப்புப் பழத்தைக் கண்டால் தெருவை மாற்றிப் போகிற ஜனம் நாம். அந்தக் கூடைக்குத் தனியாக ஒரு காவல்காரன் தேவைப்படவில்லை.

இலஞ்சி முத்துவடிவுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து நாள் கதிர் சிகிச்சை எழுதியிருந்தார்கள். பதினொரு நாள் முடிந்தது. பன்னிரண்டாம் நாள் அவள் கணவர் மகாதேவன் காரை இந்தப் பக்கம் திருப்பினார். மனிதர் எம்.காம். படித்தவர். படிப்பு ஒரு பக்கம் இருந்தது, அவர் ஒரு பக்கம் இருந்தார். மனைவியின் நெற்றி பொரிந்ததும் வெலவெலத்துப் போனார்.

“ஆஸ்பத்திரிக்காரன் ஏத்துன விஷம். இனி அங்கன போனா உசுருக்கு நான் பொறுப்பில்ல” என்றார் சுவாமி.

சிகிச்சை அன்றோடு நின்றது. கட்டி வந்த உடம்பு யாருக்காகவும் காத்திருக்காது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சொல்ல வந்தவள் முத்துவடிவின் தங்கை உமாதேவி. கடலோர ஆய்வுக்கூடம் ஒன்றில் கருமணலிலிருந்து, தானாகவே கதிர் வீசும் தோரியத்தைப் பிரித்து அளப்பது அவள் பிழைப்பு. விஷயம் அவளுக்குத் தெரியும்போது ஒரு வாரம் ஓடியிருந்தது. வெளியிலிருந்து பாய்ச்சுகிற கதிர் விளக்கு வெளிச்சம் மாதிரி, அணைத்தால் போயிற்று, உடம்பில் தங்காது என்று அத்தானிடம் படித்துப் படித்துச் சொன்னாள். பெட்டி பொய் சொல்லுமா என்று கேட்டார் மகாதேவன்.

மறு தடவை அக்காவோடு அவளும் கொட்டகைக்குப் போனாள். சுவாமி செய்ததையெல்லாம் உற்றுப் பார்த்தாள். கிளம்பும்போது அக்காவின் பழத்தைக் கூடையிலிருந்து எடுத்துப் பையில் போட்டாள். முத்துவடிவுக்கு உயிரே போய்விட்டது.

“ஏட்டி, கீழ போடு. நீ பிள்ளகுட்டிக்காரி.”

“நான் தெனமும் தொடுதது இதவிட மோசம்க்கா” என்றாள் உமா.

ஆய்வுக்கூடத்தில் பழத்தைச் சாம்பலாக்கி, சுடு அமிலத்தில் இரண்டு நாள் பாடுபட்டுக் கரைத்து, வேண்டாததைக் கழித்து, ஆக்சாலிக் அமிலம் விட்டாள். வெள்ளையாக அடியில் இறங்கியது தோரியம். எந்த ஆஸ்பத்திரியும் அதை அக்கா நெற்றியில் வைக்காது. பழைய பெட்ரோமாக்ஸ் லைட்டில் ஒளிவிடும் வலைத்திரியான மேன்டிலில் அது உண்டு. சுவாமியாகும் முன் இவர் பெயர் பேச்சிராஜ் என்பதும், அச்சன்புதூரில் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விட்டவர் என்பதும் ஊருக்கே தெரியும். தெரிந்ததை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மூவரும் வரிசையில் நின்றார்கள். சுவாமி கட்டைவிரலைத் தூக்கியதும் உமா குறுக்கே கை நீட்டினாள்.

“பூசுததுக்கு முன்னால ஒரு தடவ அளந்துருவோம் சாமி. எங்க வேலையில எதுவும் சேருததுக்கு முன்ன வெறுசா ஒண்ணு அளக்காம எதையும் நம்ப மாட்டோம்.”

வெறும் நெற்றி தோஷம் என்றார் சுவாமி. அந்தத் தோஷம் தன்னைச் சேரட்டும் என்று சொல்லிவிட்டு, தான் கொண்டுவந்த பெட்டியை அக்காவின் நெற்றியில் காட்டினாள் உமா. ஒரு டிக். சற்றுப் பொறுத்து இன்னொரு டிக். எந்தச் சுவரில் காட்டினாலும் கேட்கிற அளவு அது. அப்படியே திருநீற்றுத் தட்டுக்குத் திருப்பினாள். பொரிந்தது. சுவாமியின் கட்டைவிரலில் காட்டினாள். அதுவும் பொரிந்தது.

“அப்ப இவ உடம்புல ஒண்ணும் இல்லியா?” என்று கேட்டார் மகாதேவன்.

“இல்ல அத்தான். மேன்டில் சாம்பலப் பூசுனதும் இவரு, தொடச்சதும் இவரு.”

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். நம் ஜனம் விடுமா? முன் வரிசையில் ஒருவர் உருகிவிட்டார்: நம் விஷத்தையெல்லாம் சுவாமி தம் விரலில் வாங்கிக்கொண்டாராம். பாதிப் பேர் மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

காரியத்தைக் கெடுத்தவர் சுவாமியேதான். விரலையே வெறித்துக்கொண்டிருந்தவருக்கு முகம் வெளிறிவிட்டது.

“தாயி, மேன்டில் தூசில நெசமாவே கேடு இருக்கா? நாலு மாசமா இந்தக் கையாலதான் கலக்குதேன். இதாலதான் சோறு திங்கேன்.”

கன்னத்தில் போட்ட கைகள் கீழே இறங்கின. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டாக்டரைப் பார்க்கச் சொன்னாள் உமா.

மறுநாள் காலை முத்துவடிவு பன்னிரண்டாம் சிகிச்சைக்குப் போனாள். இரண்டு வாரம் விட்டதற்கு டாக்டர் மகாதேவனைக் கிழித்துத் தொங்கவிட்டார். சிகிச்சை நாளையும் கூட்டி எழுதினார். வெளியே வந்தால் புறநோயாளிகள் வரிசையில் சட்டை பேன்டோடு பேச்சிராஜ். கையில் சீட்டு, எலுமிச்சம்பழம் இல்லை.

தன் உயிர் என்றதும் அவருக்கு ஆஸ்பத்திரிக்கு வழி தெரிந்துவிட்டது. நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்ற மகாஜனங்களே, அந்த நெற்றிக்கு உள்ளே ஒன்று இருக்கிறது. அதையும் ஒருநாள் பெட்டி வைத்துப் பாருங்கள். ஒரு டிக்காவது வருகிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.