வழங்கல் பதிவேட்டில் ஒரே கையெழுத்து

மரக்காணத்து உப்பளங்களில் வந்திறங்கும் பறவைகளை இனம் பிரித்து எழுத ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் வாசகர் வட்டத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட ஓர் இனத்தைப் பற்றித்தான் எவரும் எழுதவில்லை: படிக்காமல் கருத்துச் சொல்பவர். நீங்களும் இவரை அறிவீர்கள். புத்தகத்தை வாங்கியதும் உள்ளங்கையில் வைத்து எடைபார்ப்பார், அட்டைப்படத்தை முறைப்பார், பின்னட்டையைப் படிப்பார், ஆசிரியரின் ஊர், வயது, மதம் மூன்றையும் மனத்தில் குறித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, தொண்டையைச் செருமி, "மொத்தத்தில்" என்று தொடங்குவார். முழுதாகப் படித்தவர் வாயில் அந்தச் சொல் அத்தனை எளிதாக வருமா?

சென்ற மாதம் இவர்களிடம் அகப்பட்டது பாகிஸ்தானியப் பெண் ஒருவரின் முதல் நாவல், தமிழ் மொழிபெயர்ப்பில். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஒரே பிரதி. வழங்கல் பதிவேட்டில் அதற்கு நேரே ஒரே கையெழுத்து: உப்பளத்தில் கூலி வேலை பார்க்கும் ஆரோக்கியசெல்வி. கருத்துகளோ பதினொன்று. வட்டத்தின் செயலாளர் என்ற முறையில் ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறேன். "எதிரி நாட்டுச் சரக்கு" என்றார் சுப்ராயன். "பர்தாவுக்குள் ஒரு கண்ணீர்க் காவியம்" என்று உருகினார் பள்ளி ஆசிரியர் திருமுருகன். நாவலில் எதிரியும் இல்லை, கண்ணீரும் இல்லை. கராச்சிக்கு அருகே இறால் உரிக்கும் கொட்டகையில் இரண்டு ஓரகத்திகள் ஓர் ஐஸ் பெட்டிக்காக முதல் பக்கத்திலிருந்தே மல்லுக்கட்டும் கதை அது. ஆரோக்கியசெல்வி சொல்லிக் குறித்துக்கொண்டேன். புத்தகத்துக்கான வரிசையில் அடுத்தவன் நான்.

தலைவர் கலியமூர்த்தி, உப்புத் தரகர். புத்தகத்தை அலமாரியிலிருந்து நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்.

"படிச்சிங்களா ஐயா?" என்றார் ஆரோக்கியசெல்வி.

"ஏம்மா, உப்பு எப்படின்னு பாக்க அம்பாரம் முழுக்கத் தின்னணுமா? ஒரு சிட்டிகை நாக்குல வச்சா தெரிஞ்சிடும்."

"அது தெரிஞ்சிதாங்க, நல்ல உப்பா பாத்து மேலாக்க கொட்டி வைக்கிறோம்."

சிரித்தவர்கள் நால்வர். அந்த நால்வரும்தான் தீர்மானத்துக்கு முதலில் கை தூக்கினார்கள்.

நூற்று நாற்பதாம் பக்கத்தில் பஸ் டிக்கெட் செருகியிருந்த புத்தகத்தை ஆரோக்கியசெல்வி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இன்னும் எழுவத்திரெண்டு பக்கம்தாங்க. ஞாயித்துக்கிழமை குடுத்துடறேன்."

"தீர்மானம்னா தீர்மானம். குடும்மா."

புத்தகம் பீரோவுக்குள் போனது. சாவி தலைவரின் சட்டைப் பைக்குள்.

"சரிங்க, அந்த ஐஸ் பெட்டி கடைசியில யாருக்குப் போச்சுன்னாவது சொல்லிடுங்க."

"எந்த ஐஸ் பெட்டி?" என்றார் தலைவர்.

அந்தக் கேள்வியையும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் சொல் மாறாமல் எழுதினேன். கீழே தலைவர் கையெழுத்திட்டிருக்கிறார். படிக்காமல்தான்.

நீங்கள் அப்படிப்பட்டவர் அல்லர். ஆனால், ஐஸ் பெட்டிச் சண்டையைப் பற்றி மேலே நான் எழுதிய ஒரே வாக்கியத்தை வைத்து, 'நல்ல நாவலாகத்தான் இருக்க வேண்டும்' என்று இதற்குள் முடிவுகட்டிவிட்டீர்கள், இல்லையா? பதிவேட்டை மறுபடி புரட்டிப் பார்த்தேன். உங்கள் கையெழுத்தும் அதில் இல்லை.