ஜங்ஷனில் தொங்கும் என் அடைமொழி

கிடங்கூர்,
சனிக்கிழமை.

அன்புள்ள மைத்துனன் தொம்மிச்சனுக்கு, உன் அக்காள் புருஷன் இட்டூப் எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே உன் அக்கா ஏலிக்குட்டியும் பசுமாடும் சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. இந்தோரில் நீயும் பிள்ளைகளும் நன்றாக இருக்க ஜெபிக்கிறேன். நீ காலேஜில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன். ஒரே ஒரு ஆங்கில அடைமொழி விஷயமாக உன் உதவி எனக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது.

என் சிநேகிதன் பைலோவின் ஸ்கூட்டரை பஸ் இடித்துக் கால் முறிந்த கேஸ் உனக்குத் தெரியும். அதில் நான் சாட்சி. சம்பவத்தின்போது நான் சலூன் நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்தேன், எதிரே இருந்த கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்தேன். கோர்ட்டில் பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னேன், பஸ் வலது பக்கத்திலிருந்து வந்தது என்று. எதிர்த்தரப்பு வக்கீல், "வலது பக்கம் ஆறுதானே ஓடுது, பஸ் ஆத்துக்குள்ளேருந்தா ஏறி வந்துச்சு?" என்று கேட்டார், பியூன்கூடச் சிரித்தான். கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும் என்பது வீட்டுக்கு வந்து தலை சீவும்போதுதான் எனக்கு உறைத்தது. நல்லவேளையாக மற்ற சாட்சிகளின் புண்ணியத்தில் பைலோ ஜெயித்துவிட்டான். தீர்ப்பின் நகலை வாசகசாலைச் செயலாளர் சசிதரன் கொண்டுவந்து டீக்கடையில் உரக்கப் படித்தபோது, 'மூன்றாம் சாட்சியின் கூற்று இன்கிரெடிபிள்' என்று ஜட்ஜ் எழுதியிருந்தார். அன்றைக்கு மூன்றாவதாகக் கூண்டேறியவன் நான். சிக்ஸர் அடித்தால் கிரிக்கெட்காரர்கள் கத்துவதும், சுற்றுலா விளம்பரத்தில் நம் நாட்டுக்கே போட்டிருப்பதும் அந்தச் சொல்தானே, அற்புதம் என்று. ஜட்ஜ் என் இடம் வலத்தைப் பொருட்படுத்தாமல் மனசைப் பார்த்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பைலோ ஊன்றுகோலோடு வந்து கட்டிக்கொண்டு அழுதான், ஒரு வாத்தும் கொடுத்தனுப்பினான். வாசகசாலைக்காரர்கள் ஜங்ஷனில் என் படம் போட்டு ஆளுயர ஃப்ளெக்ஸ் கட்டி, பெயரோடு மரியாதைக்கு ஓர் அச்சாயனும் சேர்த்து, 'நம் இட்டூப் அச்சாயன் இன்கிரெடிபிள்! சொன்னது நீதிமன்றம்' என்று தங்க எழுத்தில் அடித்துவிட்டார்கள்.

மறுநாள், இடித்த பஸ்ஸின் டிரைவர் சுகுணன் அந்த ஃப்ளெக்ஸுக்கு நேரே வண்டியை நிறுத்தி இறங்கி வந்தான். "அச்சாயா, கோர்ட்ல அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா? நம்பவே முடியாதுன்னு அர்த்தம். பொய்சாட்சியை மரியாதையாச் சொல்லிருக்காங்க." போடா, உனக்கு ஆங்கிலம் தெரியுமா என்றேன். "எனக்குத் தெரியாது. எங்க வக்கீலுக்குத் தெரியும், காசு வாங்கிட்டுத்தான் சொன்னாரு" என்றான். அன்றிலிருந்து கண்டக்டர் எங்கள் நிறுத்தம் வந்ததும் "இன்கிரெடிபிள் எல்லாம் இறங்கு" என்று கூவுகிறான், பள்ளிக்கூடப் பிள்ளைகள் "ரெண்டு இன்கிரெடிபிள்" என்று டிக்கெட் கேட்கிறார்கள், யாரும் அதில் எந்தத் தப்பையும் பார்ப்பதாகத் தெரியவில்லை.

நான் கான்வென்ட்டுக்கு ஓடினேன். ஆங்கிலம் எடுக்கிற சிஸ்டர் பெனீஞ்ஞா பொறுமையாக உட்காரவைத்து, நம்பத்தகுந்தது என்றால் கிரெடிபிள், பாராட்டத்தகுந்தது என்றால் கிரெடிடபிள், யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறவன் கிரெடுலஸ் என்று பிரித்துச் சொன்னார்கள். வீட்டில் வந்து ஒப்பித்தேன். "மூணாவதுதான் நீங்க. அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்றாள் உன் அக்கா. ஆனாலும் வழி கிடைத்துவிட்டதே என்று ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். போகிற வழியில் மூன்று சொற்களும் வாயில் கலந்துவிட்டன. "நம்புற மாதிரி ஒரு சொல்லு, கிரெடு... அப்படின்னு தொடங்கும்" என்றேன். கடைக்காரன், "அச்சாயன் கவலைப்படாதீங்க, போன்ல பாத்துக்கிறேன்" என்றான். இன்று காலை பழையதைவிட இரண்டடி அகலமாகப் புதியது ஏறியிருக்கிறது. இட்டூப் அச்சாயன் கிரெடுலஸ், சொன்னது நீதிமன்றம். சுகுணன் பஸ் எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிச் சிரித்தான்.

தொம்மிச்சா, எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ் முதலாளி மேல்முறையீடு போகப்போகிறானாம். பைலோவுக்குக் கிடைத்த நஷ்டஈடு என்னால் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்து, நேராக அவன் வீட்டுக்குப் போய், நான் கண்ணாடியில் பார்த்ததுதான் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் காலை ஸ்டூலில் நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தான். "பஸ் எந்தப் பக்கமிருந்து வந்துதுன்னு எனக்குத் தெரியாதா? இடிச்சது என்னைத்தானே. நீ கூண்டுல நின்னு தப்பாச் சொன்னப்பவே எனக்குத் தெரியும்." அப்புறம் ஏனடா வாத்து கொடுத்தாய் என்று கேட்டேன். "முகமெல்லாம் நுரையோட ரோட்டுல ஓடிவந்து என்னைத் தூக்குனது நீ. அதை எந்த வக்கீலும் கேக்கல. உக்காரு, கப்பைக்கிழங்கு வேகுது" என்றான். மீன்குழம்போடு சாப்பிட்டேன். அது மட்டும் இறங்கியது.

ஆனால் ஃப்ளெக்ஸ் அங்கேயேதான் இருக்கிறது. நாளை ஞாயிற்றுக்கிழமை, இடவகைச் சனம் முழுவதும் அதற்குக் கீழேதான் பூசைக்கு நடக்கும். இந்தக் கடிதத்தைப் படமெடுத்து இன்றே உன் போனுக்கு அனுப்புகிறேன்; கிரெடிபிளா, கிரெடிடபிளா, எதைப் போட்டால் ஊர் வாயை மூடும் என்று நீயே தீர்மானித்து, எழுத்துப்பிழையில்லாமல் பெரிய எழுத்தில் போனில் அனுப்பு. உனக்கும் லீனாவுக்கும் பிள்ளைகளுக்கும் தீர்க்காயுசும், எந்தக் கோர்ட்டின் வாயிலும் விழாத வாழ்வும் கொடுக்கும்படி மாதாவை மன்றாடுகிறேன்.

உன் பாசமுள்ள,
இட்டூப்

பி.கு.: சொல் அனுப்ப வேண்டாம். இப்போதுதான் வக்கீல் குமாஸ்தா வந்து போனார். முந்தின வாய்தாவில் டாக்டர் ஒருவர் சாட்சி சொல்லியிருந்தாராம், அந்தக் கணக்கில் நான் நான்காம் சாட்சி. ஜட்ஜ் நம்ப முடியாது என்றது எனக்கு முன்னால் கூண்டேறிய, லாட்டரி விற்கிற தாமுவை. "அப்போ என்னைப் பத்தி என்ன எழுதிருக்கார்?" என்று கேட்டேன். குமாஸ்தா எல்லாப் பக்கத்தையும் புரட்டிவிட்டு, "உங்களப் பத்தி ஒரு எழுத்துகூட இல்லையே" என்றார். நல்லதோ கெட்டதோ, ஒரு அடைமொழிகூட இல்லை, தொம்மிச்சா. குமாஸ்தா கையில் வாத்துமுட்டை கொடுத்து, இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறேன். நீயும் சொல்லாதே. பழைய ஃப்ளெக்ஸையே மறுபடி கட்டச் சொல்லிவிட்டேன்.