கோப்பியில் விழுந்த சிங்கம்

பிள்ளைகளே, பெண் பார்க்கப் போகிற ஆண்பிள்ளை மூளையை வீட்டில் வைத்துவிட்டுத்தான் படியிறங்குகிறான். (நான் பெட்டியில் பூட்டியே வைத்துவிட்டுப் போனேன்.)

அப்போது எனக்கு ஒரு பைத்தியம். பெரிய சண்டை நடந்த பிரான்சு தேசத்தில், வயலை உழும்போது சிப்பாய்களின் சட்டைப் பொத்தான்கள் மண்ணோடு கிளம்பி வருமாம். கப்பலில் சமையல் வேலை பார்த்த அந்தோணி அண்ணன் அவற்றை எனக்கு வாங்கி வருவார். சூலியா தெருத் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு பிஸ்கட் டின் நிறையச் சேர்த்துவிட்டேன்.

பத்து காவான் என்ற தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியார் வீட்டில் பெண் பார்க்க ஏற்பாடானது. என் அம்மா கெஞ்சினார்: "செத்தவன் சட்டைப் பட்டன் பொறுக்குறேன்னு அங்க சொல்லித் தொலைக்காதடா. எவன் பொண்ணு குடுப்பான்?"

நான் சொல்லவில்லை. மாட்டிக்கொண்டு போனேன். சிங்கம் பொறித்த பித்தளைப் பொத்தான்களைக் குடம் விளக்குவதுபோல் புளியில் ஊறவைத்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, வெள்ளைக் கோட்டில் நானே தைத்தேன். நூல் கோக்கும் பொத்தான் காதுகள் மண்ணில் கிடந்து இற்றுப்போயிருந்தன; அவற்றில் மிச்சமிருந்ததையும் புளி தின்றுவிட்டது எனக்குத் தெரியாது.

"பசியாறுங்க தம்பி," என்றார் கிராணியார். "கோட்டு என்னமா மின்னுது!"

அது போதாதா எனக்கு? பட்டாளத்தான்போல நெஞ்சை நிமிர்த்தினேன். டிங்! நடுப் பொத்தான் பறந்துபோய் அவருடைய கோப்பியில் விழுந்தது. பதறிக் குனிந்தேன். இன்னொன்று உருண்டுபோய் அவர் தங்கையின் காலடியில் நின்றது.

கிராணியார் கரண்டியால் சிங்கத்தைக் கரையேற்றினார். "இது எந்தக் கடைச் சரக்கு தம்பி?"

பொய் வாயில் வரவில்லை. "பிரான்சுல... சண்டை நடந்த எடத்துல கெடச்சதுங்க."

"மாதாவே! செத்தவன் பட்டனா?" அந்த அம்மாள் காலை நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். "இந்தச் சம்பந்தம் வேணாம்லா அண்ணே!"

கிராணியார் கோப்பையைத் தள்ளிவைத்தார். என் அம்மா பார்த்த பார்வையில் மீதிப் பொத்தான்களும் கழன்றிருக்கும். இனி வீடு திரும்பச் சம்பான் படகு ஏற வேண்டியதுதான் என்று எழுந்தேன்.

திரைச்சீலைக்குப் பின்னால் அடக்கமாட்டாத சிரிப்பு ஒன்று கேட்டது.

"செத்தவங்க என்ன அத்தை செஞ்சாங்க? இவரு மின்னணும்னு புளிய அள்ளிக் கொட்டியிருக்காரு. நீங்களும்தான் குடத்தத் தேய்ச்சுத் தேய்ச்சு ஓட்டையாக்குனீங்க! கோட்டக் கழட்டித் தரச் சொல்லுங்கப்பா, வேற பட்டன் வச்சுத் தாறேன்."

குடத்துப் பேச்சு வந்ததும் அத்தை காலை மெல்லக் கீழே இறக்கினார். கிராணியார் வயிறு குலுங்கச் சிரித்தார். கோட்டு தலையணை உறைப் பொத்தான்களோடு திரும்பி வந்தது. கோப்பியில் குளித்த சிங்கம் மட்டும் வரவில்லை. அது இன்றும் உங்கள் அம்மாவின் தையல் பெட்டியில் இருக்கிறது.

அவள் எனக்குக் கோப்பி தரும்போதெல்லாம் அடிவரை துழாவிப் பார்த்துவிட்டு, "சிங்கம் இல்ல, குடிங்க" என்கிறாளே? விஷயம் தெரியாமலே நீங்களும் கூடச் சேர்ந்து சிரிக்கிறீர்கள். இனியாவது தெரிந்து சிரியுங்கள்.